பூவத்துப் பெண் படித்த பிரெஞ்சு

எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும்தான் அவர் கேட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. என் மேசைக்கு எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல், நின்றபடியே இடது பெருவிரலை மையில் ஒற்றி, நான் காட்டிய மூலையில் அழுத்தி வைத்தார். "டீச்சரம்மா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் பிற்பகுதி அது. காரைக்காலில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்க நான் சேர்ந்து இரண்டாவது வருஷம். அந்தத் தாளில் இருந்தது அவர் ஆசைப்பட்டதற்கு நேர் எதிரான விஷயம். அது எனக்குத் தெரியும். பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அவர் மகளுக்கும் தெரியும். நான் அன்று செய்தது உதவியா, ஏமாற்றா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எங்கள் கல்லூரியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை ஆளுக்கு இருபது பேராகப் பிரித்து ஆசிரியர்களிடம் ஒப்படைப்பார்கள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிடுவது வழக்கமாகியிருந்தது. நானும் அப்படி வந்தவள்தான்; என் அப்பா மாயவரத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். அதனால் அந்தப் பிள்ளைகளின் பயமெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. திமிர் என்று இப்போது சொல்கிறேன். அப்போது அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் பூவத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். பி.ஏ. வரலாறு. முதல் வாரம் ஒரு நாள் காலியான வகுப்பில் தனியாகக் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் அடுத்த பாடத்துக்கு வேறு அறைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஏன் இங்கேயே இருக்கிறாய் என்று கேட்டேன். "அடுத்த டீச்சர் இன்னும் வரலீங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்தானே வகுப்புக்கு வருவார், பிள்ளைகளா தேடிப் போவார்கள்? நியாயம்தான். கால அட்டவணையைப் பார்க்கவும், நூலக அட்டை வாங்கவும், பாடம் இல்லாத மணி நேரம் தண்டனை இல்லை என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் மேடம் என்று கூப்பிட, அவள் மட்டும் என்னை டீச்சர் என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் திருத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இனிமேல் தேறிவிடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இடைவெளிகள் விழத் தொடங்கின. மொழிப்பாட வகுப்புகளில் மட்டும். பார்த்தால், மொழிப்பாடமாக அவள் எடுத்திருந்தது பிரெஞ்சு. அந்த வகுப்பில் இருந்த மற்றவர்கள் தலத்தெருப் பக்கத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பிள்ளைகள், பள்ளியிலிருந்தே அதைப் படித்தவர்கள். பாடம் எடுத்த முசே, அதாவது பிரெஞ்சு வாத்தியார், நல்ல மனிதர்தான், எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பில் மூன்றாம் படியிலிருந்து ஆரம்பித்தார். இவளோ அவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் பிரெஞ்சு எழுத்துக்கு மேலே தமிழில் எழுதி வைத்திருந்தாள். நோட்டு முழுக்க அப்படி. எந்த எழுத்தை விழுங்க வேண்டும், எதை மூக்கால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. அர்த்தம் மட்டும் ஒரு வரிக்கும் தெரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஒன்றரை மாதம் இருந்திருக்கிறாள், ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

பிரெஞ்சு எடுக்கச் சொன்னது அப்பா. அவர் தலத்தெருவில் ஒரு சொல்தா வீட்டில் மாடு பார்ப்பவர். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரைக் காரைக்காலில் சொல்தா என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராக பாரீசுக்குப் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். எல்லாம் அந்த பாஷையால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார். குடியுரிமை என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் ஒதுக்கிவிட்டாரா, தெரியவில்லை. "பிரெஞ்சு இல்லன்னா காலேஜு எதுக்குன்னு கேப்பாரு டீச்சர். நிறுத்திடுவாரு. அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்று அழுதாள்.

பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ப் பட்டியல் போக நான்கு நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு மொழியை மாற்ற முடியாது. பிரெஞ்சில் தோற்றால் பட்டமும் இல்லை. படிவத்தை வாங்கி, பிரெஞ்சை அடித்துத் தமிழ் என்று நானே எழுதினேன். பெற்றவர் ஒப்புதல் வேண்டும். அவரை வரச் சொன்னேன். பரீட்சைக்கான தாள் என்றேன். முழுப் பொய் இல்லைதான். வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அவள் படிப்பு சீராகப் போனது. என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள், நன்றாகவே எழுதினாள். நான் மட்டும் கடைத்தெருவில் அவள் அப்பாவைக் கண்டால் பக்கத்துச் சந்தில் நுழைந்தேன். மகள் பிரெஞ்சு படிப்பதை அவர் பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதரை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அவள் கடைசி வருஷத்தில் இருந்தபோது, அவள் அப்பா மாடு பார்த்த வீட்டு சொல்தா இறந்துபோனார். சில வாரம் கழித்துப் பாரீசிலிருந்து பேரன் பாட்டியம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தான். அவனுக்குத் தமிழ் எழுத வராது. அந்த அம்மாவுக்கு, கணவரோடு சைகோனில் இருந்த காலத்தில் காதால் பழகிய பிரெஞ்சு உண்டு, படிக்க வராது. இத்தனை நாள் படித்துச் சொன்னவர் போய்விட்டார். மாடு கறந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து, "எம்பொண்ணு படிக்குமுங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை அந்தப் பெண் என் அறைக்கு ஓடி வந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "படிச்சிட்டேன் டீச்சர்" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒன்றரை மாதத்தில் பழகிய உச்சரிப்பு அவளுக்கு மறக்கவில்லையாம். எழுத்தைக் கூட்டி வாசித்துக்கொண்டே போயிருக்கிறாள். அந்த அம்மா கண்ணை மூடிக் கேட்டாராம். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னாராம். அப்புறம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "நான் என்ன படிச்சேன்னு எனக்குத் தெரியல டீச்சர். அவங்க ஏன் அழுதாங்கன்னும் தெரியல. அப்பா வாசப்படியில நின்னு சிரிச்சிக்கிட்டே இருந்தாரு." இதற்குச் சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா?

அந்த வருஷம் ஜூன் மாதம் அவர் இளைய மகளைச் சேர்க்க வந்தார். பெரியவள் தேறியிருந்தாள். இந்த முறை ஓடி ஒளியக் கூடாது என்று தீர்மானித்து, மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். "பெரியவ பிரெஞ்சு படிக்கலீங்க. தமிழ்தான் படிச்சா. அன்னிக்கு நீங்க கைநாட்டு வச்சது அதுக்குத்தான். நான்தான் மாத்தினேன்." கோபப்படுவார், அல்லது உடைந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். "தமாஷ் பண்றீங்க டீச்சரம்மா. அது கடுதாசி படிச்சத எங்காதால கேட்டேனே!" நான் மறுபடி சொன்னேன். அவர் மறுபடி சிரித்தார். உண்மையைச் சொல்லியும் என் பொய் அவரை விட்டுப் போகவில்லை.

பேச்சை விட்டுவிட்டு, சின்னவளின் படிவத்தை அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். மொழி என்ற இடம் வந்ததும் என் பேனா நின்றது. "உனக்கு என்ன வேணும்?" என்று சின்னவளைக் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பெரியவளை இதை நான் கேட்கவே இல்லை. அவள் அப்பா ஒன்றை முடிவு செய்தார், நான் இன்னொன்றை முடிவு செய்தேன். சின்னவள் யோசிக்கக்கூட இல்லை. "தமிழ்" என்றாள். அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"அது வாயால சொல்லுது. அதயே எழுதுங்க டீச்சரம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு கேள்வி இல்லை. அன்றைக்கு நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பாரா? இல்லை, ஒரு மகள் பிரெஞ்சு படித்துவிட்டாள் என்ற தெம்பில்தான் இன்னொருத்தியை அவள் போக்கில் விட்டாரா? அப்படியானால் சின்னவளுக்கு வழி விட்டதும் என் பொய்தானா? அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. கேட்க ஆளில்லை. இருந்தபோதும்தான் நான் கேட்கவில்லை.