பெக்கும் பேக்கும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, மேசைக்கு இந்தப் பக்கம் நான், பச்சைத் திரைக்குப் பின்னால் எடை பார்க்கப் போன என் மனைவி, அவள் கூடவே மாமியார், ஒரு நர்ஸ். மனைவிக்கு மூன்றாம் மாதம். போன முறை மூன்றாம் மாதத்தில்தான் கலைந்தது. பயத்தில் எனக்குக் காது பாதிதான் வேலை செய்தது.

டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "பெக்கு இதியா?" என்றார்.

பொம்மசந்திரா கம்பெனியில் பெட்டி கட்டியபடி நான் கற்ற கன்னடம் கொஞ்சம். பேக்கு என்றால் வேண்டும், பேடா என்றால் வேண்டாம். குழந்தை வேண்டுமா என்று கேட்கிறாரே என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

"பேக்கு மேடம்! கண்டிப்பா பேக்கு!"

அவர் தலையாட்டிவிட்டு ரத்தப் பரிசோதனை ஒன்றைக் கூடுதலாக எழுதினார். மாமியார்தான் பணம் கட்டினார்.

ரிப்போர்ட்டில் முதல் வரியே பாசிடிவ். கிருமியின் பெயர் என் வாயில் நுழையவில்லை. கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனில் அதன் வீடியோவைப் பார்த்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கும் புரிகிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். வாழைப்பழம் போல் வளைந்த துளி உயிர். நம் உடம்புச் செல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போய், கூர்முனையை வைத்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் வளையம் ஒன்று உண்டாகிறது. அதற்குள் இடுப்பை ஒடுக்கிக்கொண்டு நுழைகிறது. செல்லின் தோல் கிழிவதில்லை. உள்வாங்கி, வந்தவனுக்கே போர்வையாகிவிடுகிறது. போர்வைக்குள் இருப்பதால் செல்லால் அதைச் செரிக்க முடியாது. உள்ளேயே பெருகுகிறது. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்கும் போகலாம் என்றார்கள். டிபன் டப்பாவை மூடிவிட்டேன்.

"மூஞ்ச ஏங்க இப்டி வச்சினு இருக்கீங்க? எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மனைவி. அவள் சொன்னால் ஆச்சா?

மறுபடி போனோம். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, "ஹளேது" என்றார். என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "பழசு. கீழ் லைன் நெகடிவ், பாருங்க. புதுசா இருந்தா அதுவும் பாசிடிவ் வரும். இது எப்பவோ வந்தது, உடம்பு மூலைல அடக்கி வெச்சிருக்கு. பாப்பாக்கு பயம் இல்ல."

 ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, அந்தக் கீழ் லைனை நானே ஒருமுறை படித்தேன்.

"ஆனா பூனைக் கழிவுல இந்தக் கிருமி இருக்கும். பூனை கக்கா போற மண்ண இவங்க அள்ள வேணாம். நீங்க அள்ளுங்க."

"எந்தப் பூனை?" என்றாள் மனைவி.

"உங்க மனேல இருக்கிற பூனை. பெக்கு இதியான்னு கேட்டேன், கண்டிப்பான்னாரே!"

"குழந்தை பேக்கான்னு கேட்டீங்கன்னு நெனச்சேன் மேடம்," என்றேன். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ மாப்ள, பெக்குன்னா பூனை! பூனை கேட்டீங்களா நீங்க?"

டாக்டரம்மா சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, பூனையே இல்லாமல் எப்படி வந்தது என்று கேட்டேன். மண் ஒட்டிய காய், சரியாக வேகாத கறி, எதிலும் வரலாம் என்றார்.

"மார்க்கெட்லேர்ந்து கேரட்ட கழுவாம கடிச்சினே வருவா," என்றார் மாமியார். "நீ சும்மா இரும்மா," என்றாள் மனைவி.

வெளியே வந்து தட்டு இட்லி சாப்பிட்டோம். பல நாள் கழித்து அன்றுதான் சட்னியில் உப்பு இருப்பது நாக்குக்குத் தெரிந்தது.

பெண் பிறந்து, இப்போது தவழ்கிறாள். கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறாள். நான் பின்னாலேயே ஓடிக் கழுவுகிறேன். அந்தப் பரிசோதனைப் பணத்துக்கு மாமியார் வைத்த பெயர் பூனைக் காசு. நான் திருப்பிக் கொடுத்தது போக இன்னும் எழுநூறு ரூபாய் பாக்கி.