புழு வீட்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் கட்டடம்

பட்டுப்புழு தோலுரிக்கிற கடைசித் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டால், கூடு கட்டி முடிக்கும்வரை எங்கள் வீட்டில் தாளிப்பு கிடையாது. மிளகாய் வறுக்கக் கூடாது. எண்ணெய் புகையக் கூடாது. என் வீட்டுக்காரர் பீடி குடிக்க வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டு, வாய் கொப்பளித்துத்தான் திரும்பி வர வேண்டும். பச்சைக் குழம்பு, பச்சை ரசம், களி. வந்த விருந்தாளிகள் முகம் சுளித்தால் நான் கவலைப்பட்டதில்லை. புழு முகம் சுளித்தால் அந்த முறை வெள்ளாமை போய்விடும்.

எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். எழுதுவது அதைவிட மெதுவாக வரும். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

நான் ஊத்தங்கரைப் பக்கம் மானாவாரி பூமியில் பிறந்தவள். மழை வந்தால் சோளம், வராவிட்டால் ஒன்றுமில்லை. ஓசூர் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து, கிணற்றுத் தண்ணீர் பாய்கிற ஒரு ஏக்கரைப் பார்த்தபோது குனிந்து ஈர மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தேன். அந்த ஒரு ஏக்கரில் புழுவுக்கு இலை போட மல்பெரி நட்டவள் நான். மண் சுவர் வைத்து, ஓடு போட்டு, ஜன்னலுக்கெல்லாம் ஈரச்சாக்கு தொங்கவிட்டுப் புழு வீடு கட்டியவளும் நான். என் கூடு மார்க்கெட்டுக்குப் போனால் வியாபாரிகள் கையில் எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் குவியலுக்குப் போக மாட்டார்கள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பஸ், இரண்டு பஸ் மாறி வந்து என் புழு வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் நிலத்துக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தைலமரத் தோப்பை வெட்டினார்கள். பாக்டரி வருகிறது என்று நினைத்தோம். ஓசூரைச் சுற்றி அதற்கு முன்பே எவ்வளவோ வந்திருந்தது, சங்கு ஊதினால் மணி தெரியும். ஆனால் இந்தக் கட்டடம் ஏற ஏற எங்களுக்குக் குழப்பமாக இருந்தது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஜன்னலே இல்லை. ஜெயில் என்றார்கள் சிலர். மருந்து கம்பெனி என்றார்கள் சிலர்.

அப்போது கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். சேலத்துப் பெண், படித்தவள், மரியாதை தெரிந்தவள். ஊருக்கு விஷயம் சொல்வதுதான் அவளுக்கு வேலை. பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினாள். காலையும் மாலையும் ஊரே பால் ஊற்ற வருகிற இடம் அது. பலகையில் கட்டட சமாசாரம் எழுதியிருக்கும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பால் அளப்பவர் படித்துச் சொல்வார். மாசத்துக்கு ஒரு கூட்டமும் அங்கேயே.

முதல் கூட்டத்தில், உள்ளே என்ன செய்வீர்கள் என்று கேட்டோம்.

"எதுவும் செய்ய மாட்டோங்கம்மா. பேங்க் கணக்கு, கம்பெனி கணக்கு எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும். அந்தக் கம்ப்யூட்டருங்களை எல்லாம் ஒரே எடத்துல வெச்சிருப்போம்."

"கணக்குக்கா இம்மாம் பெரிய வீடு?" என்றாள் என் பக்கத்து நிலத்துக்காரி. அவள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். தமிழில் பேசினாலும் கேலி தெலுங்கில் யோசித்தது போலக் கொஞ்சம் கூடுதல் காரமாக இருக்கும். "எங்க கணக்கை அடுப்படி சுவத்துல கரிக்கோடு போட்டு வெச்சிருக்கேன். அதையும் எடுத்துட்டுப் போயிடு தாயி, சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப் போனது அன்றைக்குத்தான்.

ஒருநாள் அவள் என் புழு வீட்டைப் பார்க்க வேண்டுமென்று வந்தாள். தலையில் பூ இருந்தது, எடுக்கச் சொன்னேன். செருப்பைக் கழற்றச் சொன்னேன். சுண்ணாம்புத்தூளில் கால் வைத்து வரச் சொன்னேன். எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே இருட்டில், தட்டுத் தட்டாகப் புழு இலை தின்றுகொண்டிருந்தது. ஓட்டு மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவள் மழை என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மழையில்லம்மா. சாப்பாட்டுச் சத்தம்."

அவள் தட்டுப் பக்கம் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "எங்க ரூமும் இப்படித்தாங்கம்மா இருக்கும். செருப்பு கூடாது, தூசி கூடாது, புகை கூடாது. சூடு ஏறக் கூடாது, குளிரும் ஒரே அளவா இருக்கணும். ஒரு நிமிஷம் கரண்ட் போனாலும் போச்சு."

"கரண்ட் போனா என்னா பண்ணுவீங்க?"

"பெரிய பெரிய டீசல் ஜெனரேட்டர் வெக்கிறோம்."

"அது எந்தப் பக்கம்?"

அவள் கையைக் காட்டினாள். ரோட்டோரம், என் மல்பெரிக்கு நேர் எதிரே.

அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஜெனரேட்டரை முதலில் என்றைக்கு ஓட்டிப் பார்ப்பீர்கள்? வைக்காதே என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்கிற இடத்தில் நாங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். நாள் தெரிந்தால் அந்த நேரத்துக்குப் புழு இல்லாமல் பார்த்துக்கொள்வேன். முட்டை வாங்கிப் பொரித்துக் கூடு அறுக்க ஒரு மாசம் ஆகும். அதற்குத் தகுந்த மாதிரி முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும்.

கடைசியில் பலகையில் எழுதினாள். தை பிறந்த பிறகு ஜெனரேட்டர் சோதனை. நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், பால் அளப்பவரை நம்பவில்லை. மார்கழி முடிவதற்குள் கூடு இறங்கிவிடும்படி கணக்குப் போட்டு முட்டை வாங்கி வந்தேன். அந்த முறை மாதிரிப் புழு எனக்கு வாய்த்ததே இல்லை. ஒன்று போல ஒன்று, என் சுண்டுவிரல் நீளம், பால் நிறம். தாளிப்பை நிறுத்தினேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் அந்தப் பெண் ஓடி வந்தாள். ஸ்கூட்டரை வாசலிலேயே சாய்த்துவிட்டு வந்தாள். நான் சொல்லாமலே பூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது.

"அம்மா, நாளைக்கு ஜெனரேட்டர் ஓட்றாங்க."

"தையின்னு எழுதினியே."

"பம்பாய்லருந்து பெரியவங்க நாளைக்கே வர்றாங்களாம். தேதியை மாத்திட்டாங்க. எனக்கே மத்தியானம்தான் தெரியும். பலகையில எழுதறதுக்கு முன்னாடி உங்களுக்குச் சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லிட்ட," என்றேன். "நான் யாருகிட்ட சொல்லட்டும்? உள்ள இருக்கறதுங்ககிட்டயா?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்து நிலத்துக்காரி சத்தம் கேட்டு வந்தாள். "விடு அக்கா, உன் புழுவுக்கும் ஒரு போர்டு எழுதி மாட்டு, நாளைக்கு மூச்சு விட வேணாம்னு" என்றாள். சொல்லிவிட்டு அவளே முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு என்னோடு இலை பறிக்க இறங்கினாள். இலையில் புகை படியும் முன்னே, இருட்டுகிறவரை பறித்து ஈரத்துணிக்கு அடியில் அடுக்கினோம். சாக்கை இரட்டையாகத் தொங்கவிட்டோம். ஓட்டுச் சந்தில் களிமண் அப்பினோம். புழுவைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக முடியாது. கூடு கட்ட நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற புழுவை மார்கழிக் குளிரில் வெளியே எடுத்தால் அதுவே போதும் அது சாக.

காலையில் பனி இறங்கியிருந்தது. எதிரே கட்டடமே தெரியவில்லை. முதலில் தரை அதிர்ந்தது, பிறகுதான் சத்தம். புகை மேலே போயிருந்தால் புழு ஒருவேளை தப்பித்திருக்கும். பனி அதை மேலே விடவில்லை. ரோட்டைத் தாண்டி நடந்து வருகிற மாதிரி வந்தது. சாக்கை நனைத்தேன், மறுபடி நனைத்தேன். வீட்டுக்காரர் தண்ணீர் சேந்திச் சேந்திக் கொடுத்தார். என் மூக்கிலேயே டீசல் வாடை ஏறிவிட்டது. அதற்கு மேல் சாக்கு என்ன செய்யும்?

சாயங்காலம் நிறுத்தினார்கள். காது அடைத்துக் கிடந்தது. புழு வீட்டுக்குள் போய் நின்றேன். காது திறந்த பிறகும் நின்றேன். ஓட்டு மேல் தூறல் விழவில்லை. வீட்டுக்காரர் வாசலிலிருந்து, "தின்னுதா?" என்று கேட்டார். இலை அப்படியே கிடந்த ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தன, பச்சையாகக் கக்கின, சுருண்டன. ஏதோ கொஞ்சம் கூடு கட்டின. தட்டிப் பார்த்தால் தாள் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் குழி தோண்டிக் கொட்டினோம்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். கம்பெனி ஏதாவது கொடுக்கும் என்றாள் அந்தப் பெண். வேண்டாம் என்றேன். பிறகு பலகையைக் காட்டி, இனிமேல் வாரத்துக்கு ஒருநாள் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள், எந்த நாள் என்று முன்னாடியே தவறாமல் எழுதிவிடுவோம் என்றாள்.

நான் எழுந்தேன். "அந்த நாள் வேணாம்னு நாங்க சொன்னா நிக்குமாம்மா?"

அவள் கையிலிருந்த சாக்பீஸைப் பலகை ஓரத்தில் வைத்தாள்.

"கேட்டுச் சொல்றேங்கம்மா."

அவள் கேட்டிருப்பாள். பதிலைச் சொல்ல அவள் திரும்பி வரவில்லை. அவளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று பால் அளப்பவர் பலகையைப் பார்த்துப் படித்தார். அதையும் முறையாக எழுதித்தான் இருந்தார்கள். அவளுக்குப் பதில் வந்தவர் ஒருநாள் வீட்டுக்கு வந்து, உள்ளே தூசி துடைக்கிற வேலைக்கு ஆள் எடுக்கிறோம், சுத்தம் தெரிந்தவர்கள் வேண்டும், உங்களைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினேன். பக்கத்து நிலத்துக்காரி அந்த வேலைக்குப் போனாள். நான் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

முட்டை வாங்கும் மாசம் வந்தது. நான் போகவில்லை. மல்பெரி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, இலை முற்றி, கறுப்புப் பொடி படிந்து நின்றது. ஆடு விட்டோம். ஆடும் மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது.

வழக்கமாகப் புழு கடைசித் தூக்கம் எழுகிற நாட்களில் ஒருநாள், அடுப்பில் சட்டியை வைத்தேன். எண்ணெய் ஊற்றினேன், நன்றாகப் புகைய விட்டேன். கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை. வீடெல்லாம் நெடி ஏறி, பின்பக்கம் புழு வீடு வரைக்கும் போனது. கதவைச் சாத்தச் சொல்ல வாய் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன்.

வீட்டுக்காரர் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாப்பிட்டு எழுந்து, பீடியை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் ரோட்டைத் தாண்டிப் போனார். எங்கேயும் போக வேண்டியதில்லை, இங்கேயே குடியுங்கள் என்று நான் கூப்பிட்டுச் சொல்லவில்லை.