நாவல் மரத்தைச் சாகடித்தவர்

மாதனூரிலிருந்து ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்தான் சொன்னார்: "காதர் பாய் மௌத்தாய்ட்டாரு. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க." மண்டியில் இருந்த ஒருவர், "யாரு, நாவல் மரத்த சாகடிச்ச மேஸ்திரியா?" என்று கேட்டார். ஆம்பூரில் அவருக்கு மிஞ்சிய பெயர் அதுதான்.

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில், பட்டைச் சாற்றில் தோலை ஊறவைக்கும் தொட்டிகளுக்கு அவர் மேஸ்திரி; நான் கணக்கெழுதும் ரைட்டர். கிணற்றடியில் பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. சுண்ணாம்பு அரித்த கைகளோடு ஆட்கள் அதன் நிழலில்தான் கூழ் குடிப்பார்கள். பழக்காலத்தில் எல்லோர் நாக்கும் ஊதா, மேஸ்திரியின் நாக்கும்தான்.

உலக யுத்த காலத்தில் ஆவாரம்பட்டை வரத்து நின்றது. நாவல் பட்டையிலும் துவர்ப்பு உண்டு, உரித்துப் போடுங்கள் என்றார் முதலாளி. வருஷத்துக்கு ஒரு பக்கம், ஒரு சாண் அகலம், அதற்குமேல் கத்தி படக்கூடாது என்று காதர் பாய் பிடிவாதமாக நின்றுவிட்டார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே பட்டணம் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை காதர் பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். தொட்டியில் சாறு நீர்த்துவிட்டது. தோல் கெட்டுவிடும் என்ற பயத்தில் மரத்தைச் சுற்றிலும் உரிக்கச் சொன்னேன். ஆவாரை அடியோடு வெட்டினாலும் மழைக்குத் துளிர்க்கும். அதையே பார்த்து வளர்ந்த புத்தி எனக்கு. தொழுகை முடிந்து வந்தவர் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"ஆவாரை பொதரு, ரைட்டரே. இது மரம். சுத்தி உரிச்சா கழுத்தறுத்த மாதிரிதான்."

சாணமும் களிமண்ணும் குழைத்து அந்தி வரை பூசினார். அடுத்த கோடையில் மரம் நின்றபடியே பட்டுப்போனது.

வருஷா வருஷம் பட்டை தரவேண்டிய மரம் போன கோபத்தில், யார் செய்த வேலை என்று முதலாளி கேட்டார். மேஸ்திரி என்றேன். காதர் பாயும் அங்கேதான் நின்றார். உரித்த ஆட்களுக்கு வாய் இருந்தது. அவர்கள் பிழைப்போ என் கையில் இருந்தது. எனக்கு நான்கு பெண்பிள்ளைகள் என்பது அவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை போயிற்று. வாசலில் என்னிடம் சொன்னது இது: "பட்ட மரத்துக்குக் கீழ ஆளுங்கள குந்த வெக்காதீங்க. கிளை விழும்."

திட்டியிருக்கலாம், பாழாய்ப்போன மனிதர். அதற்குப் பிறகு எந்த ஷாப்பும் அவரைச் சேர்க்கவில்லை. மாதனூரில் ஆவாரம்பட்டை தட்டிப் பிழைத்தார். அவர் தட்டிய பட்டை எங்கள் தொட்டிக்கே வந்தது. நான் நிறுத்து வாங்கினேன்.

அவரை அறிந்தவர்களே, கூடி உட்கார்ந்து நல்ல மனிதர் என்று சொல்வீர்கள். அந்த மரத்தை மட்டும் இப்படிச் செய்துவிட்டாரே என்றும் சேர்த்துக்கொள்வீர்கள். சேர்க்காதீர்கள். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, அவர் பேசாமல் நின்ற அந்த ஒரு நிமிஷம்தான். அந்த நிழலில் இத்தனை வருஷம் உட்கார்ந்துவிட்டேன். மரத்தைச் சாகடித்தவன் நான்.