அவள் பக்கம் திரும்பிய திரை

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவள் வைத்ததுதான் சட்டம். பவர் பார்ப்பது, ஃபிரேம் பொருத்துவது எல்லாம் அவள். பில் போடுவதும் வந்தவர்களிடம் வாயடிப்பதும் அவள் புருஷன். முன்பு செல்போன் செயலிகள் எழுதிக்கொண்டிருந்தவன். கடைக்கு வந்த பிறகும் அந்தக் கை அரிப்பு போகவில்லை.

ஒரு விஷக்காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போயின. "எந்த எழுத்து தெரியுது?" என்று கேட்பாள், எதிரே இருப்பவர் சொல்லும் பதில் கேட்காது. கடைக்கு வருவதையே விட்டுவிட்டாள். அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைத்துவிட்டு, அந்தச் சத்தம்கூடத் தெரியாமல் நிற்பாள். அவனுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பில் போடும் டேப்லெட்டில் ஒரு செயலி எழுதினான். கடையில் யார் பேசினாலும் அது எழுத்தாக்கும். டேப்லெட்டோடு ஒரு சின்னத் திரையை இணைத்து அவள் மேஜைமேல் வைத்தான். எழுத்து அதில் ஓடும். முதல் நாள் அவன் பில் போடத் தொடங்கியதும் எழுத்து மறைந்து, அவள் திரையிலும் பில்லே வந்து நின்றது.

"என்னங்க, இந்தம்மாகிட்ட கண்ணு எப்படி இருக்குன்னு கேட்டா, உங்க டப்பா விலை சொல்லுது!"

கடையே சிரித்தது. வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, எழுத்தாக்கும் வேலையைத் திரைக்குப் பின்னால் தனியாக ஓடும் ஒரு நிரலிடம், 'சர்வீஸ்' என்பார்களே அதனிடம், ஒப்படைத்தான். டேப்லெட்டில் எதைத் திறந்தாலும், அது பின்னால் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அவள் திரையில் எழுத்து நிற்காது. அவள் மறுபடி கடைக்கு வந்தாள்.

அடுத்த வருஷம் அவன் இளைக்க ஆரம்பித்தான். வயிற்றுவலி என்று டெஸ்ட் எடுத்தான். "வெறும் வாயுத் தொல்லை" என்றான் அவளிடம்.

ஒரு காலை நேரம். அவன் சட்டைப்பையில் இருந்த போன் அடித்தது. சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பேசினான். டேப்லெட்டில் பாதி போட்ட பில் திறந்திருந்தது. பின்னால் அது கேட்டுக்கொண்டிருப்பது அவன் நினைவிலேயே இல்லை. அவள் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் வரி வந்தது.

சொல்லுங்க டாக்டர்.

பரவிடுச்சா.

ஆபரேஷனும் முடியாதா.

அவகிட்ட சொல்லாதீங்க டாக்டர். தாங்க மாட்டா.

திருகாணி கைநழுவி விழுந்தது. மேஜைக்கடியில் குனிந்தவள் கொஞ்ச நேரம் எழவே இல்லை.

"லென்ஸ் கம்பெனிக்காரன். சரக்கு லேட்டாம்" என்றான் அவன் திரும்பி வந்து. அந்தப் பொய்யும் பிசகில்லாமல் திரையில் வந்தது.

"சரிங்க" என்றாள்.

அதன்பிறகு இருவரும் ஒருவர்முன் ஒருவர் நடித்தார்கள். "எனக்குக் காரம் ஒத்துக்கலை" என்று அவள் சமையலை மாற்றினாள். "சும்மா தெரிஞ்சு வச்சுக்கோ" என்று அவன் பில் போடக் கற்றுக்கொடுத்தான். வேண்டுமென்றே தப்புத் தப்பாய்ப் போட்டாள். கற்று முடித்தால் போய்விடுவானோ என்ற பயம்.

அவன் படுத்த படுக்கையானபோது டேப்லெட்டை மார்பில் வைத்துக்கொண்டான். சின்னத் திரை அவள் மடியில்.

உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

"வேண்டாங்க. அன்னிக்குக் கடையிலேயே படிச்சுட்டேன். டாக்டர்கிட்ட நீங்க பேசினது அப்படியே வந்துது."

அவன் வாய் அசைந்தது. அவள் மடியில் வரி வந்தது.

இத்தனை நாளும் தனியாவா அழுதே?

"நீங்களும்தானே."

சேர்ந்தாவது அழுதிருக்கலாம்டி.

அன்றுதான் சேர்ந்து அழுதார்கள். ஒளிக்காமல் வாழ அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாரம்தான்.

அவன் போன பிறகு வீடு நிறைய உறவு. எல்லார் வாயும் அசைந்தது. யாரும் அவளோடு பேசவில்லை. தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் டேப்லெட்டையும் திரையையும் எடுத்துப்போய் அவள் கடையைத் திறந்தாள்.

முதலில் வந்தவர் வெகுநாள் வாடிக்கைக்காரர். உட்கார்ந்தபடியே கேட்டார். திரையில் வந்தது: சார் எங்கேம்மா?

"அவர் போயிட்டாருங்க."

அவள் சொன்னதையும் அது எழுதியது. தன் வார்த்தையைத் தானே படித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள், சத்தம் எவ்வளவு என்று தெரியாமல்.

வந்தவர் எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்திவிட்டு, வெளியே படியில் உட்கார்ந்துகொண்டார்.