தீயில்லாமல் கொதித்த சட்டி

குழாய்த் தொழிலில் உழலும் அன்பர்களே, அடைப்பை எடுப்பது இலகு. நாம் போய்ச் சேர்வதற்குள் வீட்டார் செய்துவைத்த வைத்தியத்தை எடுப்பதே வில்லங்கம்.

அடுப்பில்லாச் சமையல்

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் மேல்தளத்தில் வசிக்கும் யோகம் அக்காவுக்கு, அலுவலகங்களுக்கு மதியச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பதே சீவனோபாயம். ஒரு காலைப்பொழுதில் அவருடைய குசினி சிங்க் அடைத்துக்கொண்டது. கழுவாத சட்டிபானைகள் மலையாகக் கிடந்தன. மதியத்துக்குள் தண்ணீர் ஓடாவிட்டால் பார்சல் இல்லை. ஒருநாள் தவறினால் அலுவலகக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வர்.

குழாய் வேலை பாஸாகிய நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பேருந்தேறி வருவதற்குள் அக்கா பொறுமையிழந்து, அடைப்பில் ஊற்றவென்று காஸ்டிக் சோடாவை அலுமினியச் சட்டியொன்றில் கரைத்துவிட்டார். பிளாஸ்டிக் என்றால் உருகிவிடுமாம். சட்டி நுரைத்துப் பொங்கி ஆவி கக்கியது. பக்கத்து அடுப்பிலோ சோறு வெந்துகொண்டிருந்தது. காஸ்டிக்கும் அலுமினியமும் கூடினால் எழும் வாயு தீப்பற்றக்கூடியது. அடுப்பை அணைத்து, யன்னல்களைத் திறந்து, அக்காவை அப்பால் அழைத்துச் சென்று, இதனை விளக்கமாக எடுத்துரைத்தேன். முழுவதையும் கேட்டபின் அவர் சொன்னார்:

“நெருப்பே இல்லாமல் கொதிக்குது பாஸ். இது முந்தியே தெரிஞ்சிருந்தால் நான் காஸ் சிலிண்டர் கியூவிலை நிண்டிருப்பனே?”

வாளியின் வயது

சட்டி அடங்கட்டும் என்று காத்திருந்தேன். பாஸ் வந்திருக்கிறார் என்ற செய்தி எட்டி, கீழ்த்தளத்துப் பரீனா ராத்தா ஆளனுப்பினார். இறங்கிப் போனால், குளியலறை கழுவும் அசிட்டைப் பழைய தகர வாளியில் ஊற்றி வைத்திருந்தார். வாளி பாம்பைப்போல் சீறிக்கொண்டிருந்தது. வாளியின் துத்தநாகப் பூச்சை அசிட் தின்கிறது, இங்கும் எழுவது அதே வாயுதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், துருவேறிய அடி ஒழுகத் தொடங்கிற்று. யன்னலைத் திறந்து, நிறையத் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிட்டேன். ராத்தாவுக்கு என்னுடைய விளக்கம் பிடிக்கவில்லை.

“வாளிதான் பழசு பாஸ். அசிட்டக் குத்தம் சொல்லாதீங்க, அது நல்ல சாமான்.”

அடைப்புக்குள் இருந்தது

மேலே திரும்பினால், அக்கா மிச்சச் சோடாப் பக்கற்றுடன் சிங்க்குக்கு நேரே குனிந்து நிற்கிறார். பிழை சட்டியில்தானே, சிங்க்கில் என்ன பிழை என்பது அவருடைய வாதம். பக்கற்றை வாங்கி வைத்துவிட்டு, சிங்க்கின் கீழிருந்த வளைகுழாயைக் கழற்றினேன். கொழுப்புக் கட்டி விழுந்தது. அதன் நடுவே, பொரித்த மீன் சுற்றுகின்ற வெள்ளித் தாள் கசங்கிச் சுருண்டு கிடந்தது. வெள்ளித் தாள் என்கிறோம், அதுவும் அலுமினியமே. சோடா அதன்மேல் விழுந்திருந்தால், குழாய்க்குள் கொதித்து, குனிந்திருந்த முகத்துக்கே திரும்பிப் பாய்ந்திருக்கும். அக்கா தம்முடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நெடுநேரம் துடைத்தார்.

தண்ணீர் ஓடிற்று. பார்சல்களும் நேரத்துக்குப் புறப்பட்டன. விடைபெறும்போது எனக்கும் ஒன்றை நீட்டினார்.

“மீன் புளிக்கறி பாஸ். வெள்ளித் தாளிலை சுத்தேல்லை, பயப்பிடாதேங்கோ. எதுக்கும் யன்னலைத் திறந்து வைச்சிட்டுச் சாப்பிடுங்கோ.”

வாழ்நாள் முழுவதும் குழாயோடு போராடிய எனக்கு அந்தத் தொடர்மாடி மனமுவந்து சூட்டியிருக்கும் பட்டம், ‘யன்னல் பாஸ்’ என்பதாகும்.