தீப்பெட்டிக் கோபுரம்

தம்பிக்கு நாலு வயதாகியும் பேச்சு வரவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மச்சானும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாராம். அப்புறம் மூடவேயில்ல" என்று மாமா அப்பாவைக் காட்டிச் சிரிப்பார். மாதாமாதம் பிள்ளைகளை நிறுக்க வரும் நர்ஸ் மிஸ்தான் டவுன் ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்.

லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்த பெரியம்மாவின் மகளுக்கும் அதே வயது, அவளும் பேசவில்லை. அவர்கள் முன்பே போய் வந்திருந்தார்கள். "கட்டையக் குடுத்து அடுக்கச் சொன்னாங்க. இவ தூக்கி எறிஞ்சிட்டா. இனி வாராவாரம் பயிற்சிக்குக் கொண்டாரணுமாம்" என்று பெரியம்மா அழுதாள். அந்தப் பிள்ளை பெயில் என்று லயமே பரிதாபப்பட்டது. இனிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பதும் எப்படியோ முடிவாகிவிட்டது.

அம்மா அன்றே வெற்றுத் தீப்பெட்டிகளைச் சேர்க்கத் தொடங்கினாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் தம்பியை மடியில் இருத்தி, அவன் கையைப் பிடித்து ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பாள். முதலில் தட்டிவிட்டான். பிறகு அவனே வைத்தான். பிறகு வேறொன்றும் செய்யாமல் அதையே செய்தான்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டொக்டரம்மா மரக்கட்டைகளை மேசையில் பரப்பியதும், தம்பி யாரையும் பார்க்காமல் அத்தனையையும் நேராக அடுக்கினான். ஒன்றுகூட ஆடவில்லை. டொக்டரம்மா அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை.

"புது ஆளுன்னா வெக்கப்படுவான்" என்றாள் அம்மா.

"வீட்டில கூப்பிட்டா மகன் திரும்பிப் பார்ப்பாரா?"

"பாப்பான் டொக்டர்."

"எதாவது வேணும்னா விரலை நீட்டிக் காட்டுவாரா?"

"காட்டுவான்."

வீட்டில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை.

"கைவேலை நல்லா இருக்கு. ஒரு வருசம் பார்ப்போம். பேச்சு வராட்டி திரும்பக் கொண்டுவாங்க" என்றார் டொக்டரம்மா.

"பாஸா? அப்ப அடுத்தது அஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் பரீட்சைதான்!" என்றார் மாமா. அப்பா, முஸ்லிம் நானாவின் கடையில் கிரீம் பிஸ்கட் வாங்கி லயம் முழுக்கக் கொடுத்தார். பெரியம்மா நிமிர்ந்து பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வாராவாரம் பஸ்ஸில் போய்வந்த அவள் மகள் வளர்ந்து, இப்போது நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தோட்டத்துக்கு வந்தால் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். தம்பி இன்னும் கையில் கிடைப்பதை அடுக்குகிறான். அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. பாஸான பிள்ளையை எதற்குக் கொண்டுபோவது என்று லயத்தில் கேட்டார்கள்.

பிஸ்கட் கொடுத்த அந்தச் சாயங்காலம், தம்பி வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். பிறகு கிட்டப் போய், மெதுவாக. பனி இறங்கி எதிர் லயம் மறையும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த பரீட்சைக்கு இப்போதே பாடம் தொடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நான் என் பங்கு பிஸ்கட்டைத் தின்றேன்.