மானாப்புல் மாமா

வகுப்பில் என் மேசை மீது நீல விளிம்பு வைத்த ஓர் எனாமல் கோப்பை இருக்கிறது. வாய்ப்பக்கம் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. வெண்கட்டிகளை அதில்தான் போட்டு வைக்கிறேன். "டீச்சர், இதுல டீ குடிப்பீங்களா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும். இல்லை, அது என் மாமா குடித்த கோப்பை என்பேன். உயிரோடு இருந்தபோது குடித்ததைவிட அதற்குப் பிறகு அவருக்கு ஊற்றி வைத்ததுதான் அதிகம் என்பதைச் சின்னப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே, மேகம் வாசல்வரை வந்து நிற்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனதால் நான் அவர்களிடம் வளர்ந்தேன். ஒரு மழைக்காலத்தில் மலை சரிந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன மாமா திரும்பி வரவில்லை. மற்றவர்களையெல்லாம் தோண்டி எடுத்தார்கள், அவர் மட்டும் கிடைக்கவில்லை. சொந்தக்காரர்கள் அழுது முடித்துக் காரியம் செய்யச் சொன்னார்கள். அத்தை பொட்டை அழிக்கவில்லை. "ஆள காட்டுங்க, அழிக்கிறேன்" என்றாள்.

எனக்கோ அப்போது கணக்கு என்றாலே ஆகாது. சாதாரண தரப் பரீட்சையில் ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று. அட்சரகணிதத்தில் எக்ஸைக் கண்டதும் நான் செய்வது ஒன்றே ஒன்றுதான்: அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கூட்டிவிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த கணக்குச் சேர் என் கொப்பியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "தெரியாதது எண்டால் இல்லாதது எண்டு ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது?" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தக் கேள்வி சுத்தமாக மண்டையில் ஏறவில்லை.

உடம்பு கிடைக்காதவருக்குப் புல்லால் ஓர் உருவம் செய்து, பெயர் சொல்லி அழைத்து, அதற்குக் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். சொந்தக்காரர்களின் நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அத்தை சரி என்றாள். தர்ப்பைக்கு எங்கே போவது? மலையில் வளர்ந்து கிடந்த மானாப்புல்லை அறுத்து வந்து பூசாரி கட்டினார். தலை, கை, கால் எல்லாம் வந்துவிட்டன. அத்தை சுற்றி வந்து பார்த்தாள். "குட்டையா இருக்கு. அவரு இன்னும் ஒசரம்" என்றாள். புல் சேர்த்து நீட்டினார்கள். "தோளு பத்தாது." அதையும் சரிசெய்தார்கள். எல்லாம் முடிந்து பூசாரி மாமாவின் பெயரைச் சொல்லி மூன்றாம் முறை கூப்பிட்டபோது, அத்தை தீப்பந்தத்துக்கும் உருவத்துக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள். "பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டீங்க. இனி எப்படிங்க எரிக்கிறது?" என்று கேட்டவள், அதை இரண்டு கையாலும் அள்ளி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதிலிருந்து மாமாவின் கட்டிலில் அது படுத்திருந்தது. கழுத்துவரை கம்பளி, தலைமாட்டில் அந்தக் கோப்பையில் பிளேன்டீ. புல் காயக் காய உருவம் வற்றும். அத்தை வேலை முடிந்து வரும்போது பச்சைப்புல் அறுத்து வந்து திணிப்பாள், அவர் உயரம் ஒரு விரல்கூடக் குறையாது. கதவு வழியே மேகம் உள்ளே வந்தால் கம்பளிக்குள் சரசரவென்று சத்தம் கேட்கும். அடி ஆத்தாடி, முதல் வாரம் நான் வெளியில்தான் குந்தியிருந்தேன்! அப்புறம் பழகிவிட்டது. கட்டிலோரத்தில் சாய்ந்துதான் படிப்பேன். இடம் பத்தாவிட்டால், "மாமா, கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிடும்.

ஒரு மத்தியானம் அப்படிச் சாய்ந்து ஒரு சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல எக்ஸை அழிக்கக் கை போனது, ஆனால் அழிக்க முடியவில்லை. அத்தை என்ன செய்துகொண்டிருக்கிறாள்? இருக்கிறாரா, இல்லையா, தெரியாது. தெரியாதவருக்கு ஒரு பெயரும் இடமும் கொடுத்துவிட்டு, சுற்றியுள்ள வேலைகளை ஒழுங்காகச் செய்துகொண்டு போகிறாள். நானும் எக்ஸை அதன் இடத்தில் விட்டேன். ஒரு பக்கம் கழித்ததை மறு பக்கமும் கழித்தேன், வகுத்தேன். கடைசி வரியில் அது தனியாக வந்து நின்றது. சந்தோஷத்தில் "அத்தே!" என்று கத்தியவள் நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தேன். இறந்தவரை மூடுவதுபோலக் கம்பளி முகத்தையும் சேர்த்து மூடியிருந்தது. நான் மூடவில்லை. அத்தை காலையிலேயே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். காற்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் கட்டிலை விட்டு எழுந்து விலகியதற்குக் காரணம் அது மட்டுமல்ல. படிப்படியாகப் போனால் விடை வந்தே தீரும், அது நமக்குப் பிடிக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வராது. அத்தை தினமும் புல் திணிப்பது, அவர் இல்லை என்ற அந்தக் கடைசி வரி வராமல் இருக்கத்தான் என்று அப்போது விளங்கியது. பாவம், அவள் பயத்தை நினைத்து நான் அழுதேன்.

அடுத்த மழையில், மலை சரிந்த இடத்தில் ஓடை கரையை அரித்தது. உள்ளே எலும்புகளும் ஒரு கவ்வாத்துக் கத்தியும் இருந்தன. கத்திப் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. அத்தை முடிச்சைத் தடவிப் பார்த்தாள். "நான் போட்ட முடிச்சுதான்" என்று மட்டும் சொன்னாள். பொலிஸ் விசாரணை முடிந்து எலும்புகளைச் சவப்பெட்டியில் வைத்துக் கொடுத்த அன்று, அவள் வீட்டுக்குள் போய்க் கம்பளியை விலக்கினாள். "போதுங்க, எந்திரிங்க" என்றாள். புல் மாமாவைத் தூக்கி வந்து பெட்டிக்குள் எலும்புகளின் மேல் கிடத்தினாள். கால் இடிக்கவில்லை, தலை இடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே புதைத்தோம். பொட்டை அவளே அழித்துக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் அடுப்பை மூட்டினாள். கை பழக்கத்தில் அந்தக் கோப்பையிலும் ஊற்றிவிட்டது. பிறகு மாமாவின் தேநீரை எடுத்துக் கடைசிச் சொட்டுவரை தானே குடித்தாள்.

அந்த வருடம் கணிதத்தில் சித்தியடைந்தேன். இப்போது நானே கணக்கு டீச்சர். போன வாரம் ஏழாம் வகுப்பில் முதல் தடவையாக எக்ஸை எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரே மேகம். முன்வரிசைப் பிள்ளை கேட்டது: "கண்டுபிடிச்சிட்டா சந்தோசமா இருக்கும்தானே டீச்சர்?"

கோப்பையிலிருந்து இன்னொரு வெண்கட்டியை எடுத்தேன். "விடை சரியா வரும்" என்று மட்டும் சொன்னேன்.